பதிவு மேலே போகிறது. சிகிச்சை கீழே வருகிறதா?

கருவுற்ற பெண்ணுக்குப் பிக்மி எண். காசநோயாளிக்கு நிக்ஷய் எண். தடுப்பூசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு யூ-வின் பதிவு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குபவருக்கு மக்கள்நலப் பதிவேட்டில் ஒரு வரி. இவை எல்லாவற்றையும் இணைப்பதற்கென்று 14 இலக்க ஆபா எண். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்குள் இன்று போகிறவர் ஏதாவதொரு கணினித் தரவுத்தளத்தில் ஏறாமல் வெளியே வருவது அரிது.

இத்தனை தரவுகளால் மக்களின் உடல்நலம் மேம்பட்டிருக்கிறதா என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. விழா மேடையில் கிடைக்கும் பதில், எத்தனை கோடிப் பதிவுகள், எத்தனை லட்சம் தொலைபேசி ஆலோசனைகள் என்ற கணக்கு. சுகாதார நிலையத்தின் பின்னறையில் கிடைக்கும் பதில், "நோயாளியைப் பார்க்கிறதா, ஆப்பில் ஏத்துறதா?" என்ற அலுப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எந்தத் திட்டம் பலன் தந்தது, எது தரவில்லை என்று பிரித்துப் பார்க்க இரண்டுமே உதவாது.

அதற்கு வேறோர் அளவுகோல் வேண்டும். ஒரு தகவல் பதிவானதும் அதைப் பார்த்து யார், எவ்வளவு நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கிறதா? தீர்மானித்த இடங்களில் சாதாரணக் கருவிகூட உயிர் காத்திருக்கிறது. தீர்மானிக்காத இடங்களில் எவ்வளவு செலவு செய்த மென்பொருளும் இன்னொரு பதிவேடாகவே நின்றுபோகிறது. கடந்த முப்பது, நாற்பது ஆண்டு அனுபவத்தை, பெரும்பாலும் தமிழ்நாட்டை முன்வைத்து, இந்த அளவுகோலால் அளந்து பார்க்கிறது இக்கட்டுரை.

கணினிக்கு முந்தைய பாடம்

1980களில் வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் முன்னின்று ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை நடத்தினார். கருவி அஞ்சலட்டை. அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் முன்கூட்டியே அச்சிட்ட அட்டைகள் தரப்பட்டன. பட்டியலில் உள்ள நோய்களில் ஒன்றைச் சந்தேகித்தால் மருத்துவர் அட்டையை நிரப்பி அஞ்சலில் போட்டால் போதும். மாவட்ட அளவில் அவை தொகுக்கப்பட்டு, எந்த ஊரில் எந்த நோய் தலைகாட்டுகிறது என்ற செய்திமடல் அட்டை எழுதிய மருத்துவர்களுக்கே திரும்பப் போனது. தாம் அனுப்பியது எங்கோ குவிந்து கிடக்கவில்லை என்று தெரிந்ததால் தனியார் மருத்துவர்களும் தொடர்ந்து எழுதினார்கள். பின்னர் கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் இதே வழியைப் பின்பற்றியது.

மருந்து வழங்கலிலும் இதே பாடம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்படும்வரை மருந்துக் கொள்முதல் சிதறிக் கிடந்தது. ஓரிடத்தில் தேங்கிய மருந்து காலாவதியாகும். அடுத்த ஊரில் அதே மருந்து இருக்காது. கழகம் கொள்முதலை ஒருங்கிணைத்து, மாவட்டக் கிடங்குகளை அமைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புள்ள மருந்து எடுக்கலாம் என்ற வரம்பு அதில் இருக்கும். எடுக்க எடுக்கக் கழியும். கிடங்கின் இருப்பு கணினியில் ஏறியது. இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அடுத்த ஆர்டர் போக வேண்டும் என்பது விதி. கணினி அந்த விதியை மறக்காமல் நினைவூட்டியது, அவ்வளவுதான். கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு தமக்கென இத்தகைய கழகங்களை அமைத்துக்கொண்டன.

இந்த இரண்டிலும் தொழில்நுட்பம் பின்னால் வந்தது. பொறுப்புகளின் வரிசை முன்னால் வந்தது.

தாய்வீட்டுக்குப் போகும் தகவல்

2008 வாக்கில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த பிக்மி, கருவுற்ற பெண்களையும் பிறந்த குழந்தைகளையும் பெயர்வாரியாகப் பின்தொடரும் பதிவு முறை. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பத்தைப் பதிவு செய்கிறார். 12 இலக்க எண் கிடைக்கிறது. அதன்பின் ஒவ்வொரு பரிசோதனையிலும் எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஏறுகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் இந்த எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே எண் கேட்கப்படுகிறது.

இதன் உண்மையான பயன் எங்கே தெரிகிறது என்றால் தலைப்பிரசவத்தில். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண் தாய்வீட்டுக்குப் போவாள். அதுவரை அவளைப் பார்த்த செவிலியர் ஓர் ஊரில், பிரசவம் பார்க்கப்போகிற மருத்துவமனை வேறு மாவட்டத்தில். கைப்பதிவேட்டுக் காலத்தில் அவள் புகுந்த ஊரின் பதிவேட்டில் 'ஊரில் இல்லை'. பிறந்த ஊரின் பதிவேட்டில் பெயரே இல்லை. இரத்த அழுத்தம் ஏறியதா, இரத்தசோகைக்கு ஊசி போட்டார்களா என்பதெல்லாம் அட்டை கையில் இருந்தால் உண்டு, தொலைந்தால் இல்லை. எண் ஒன்று கூடவே வரும்போது புதிய ஊரின் செவிலியர் அவளைச் சிக்கல் வாய்ப்புள்ள தாய் என்று அடையாளம் கண்டு, பிரசவத் தேதிக்கு முன்பே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப முடிகிறது.

2018–20 மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு மகப்பேறு இறப்பு தமிழ்நாட்டில் 54, இந்திய அளவில் 97. இதைப் பிக்மியின் கணக்கில் எழுதிவிட முடியாது. 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், அறுவைச் சிகிச்சையும் இரத்தமும் கிடைக்கும் சீமாங் மையங்கள், ஒவ்வொரு தாயின் இறப்பையும் ஏன் நடந்தது என்று ஆராயும் தணிக்கை முறை ஆகியவற்றின் மேல் நிற்கிறது அந்த 54. சீமாங் மையத்தில் மயக்க மருத்துவர் இல்லாத இரவில் எந்தப் பதிவும் பிரசவம் பார்க்காது.

கட்டாயத்துக்கும் ஒரு விலை உண்டு. பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது என்ற பயத்தில் பதிவு கூடும். ஆனால் தன் கர்ப்பம் வெளியே தெரியக்கூடாது என்று நினைக்கும் பெண் சுகாதார நிலையத்தின் பக்கமே வராமல் போகவும் அதே பயம் காரணமாகலாம். பதினெட்டு வயது நிறையாத பெண்கள் விஷயத்தில் இது கூர்மையான பிரச்சினை. கருக்கலைப்பு நாடும் சிறுமியின் அடையாளத்தை மருத்துவர் காவல்துறைக்குத் தரும் அறிக்கையில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பின்னணியில் முக்கியமானது.

நிமிடங்களின் கணக்கு

அவசர சிகிச்சையில் தகவலின் பயனை நிமிடக் கணக்கில் அளக்கலாம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 சேவை ஓர் எளிய ஏற்பாடு: ஓர் எண், ஒரு கட்டுப்பாட்டு அறை, அருகிலிருக்கும் வண்டி எது என்று காட்டும் திரை. அழைப்பு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே. அதனால்தான் கிராமத்து மக்களுக்கு இத்தனை மின்னணுச் சேவைகளில் பெயர் சொல்லித் தெரிந்தது இது ஒன்றுதான் என்று சொல்லுமளவுக்கு அது பரவியது.

மாரடைப்பு சிகிச்சையில் நடந்த சோதனை இன்னும் நுட்பமானது. இதயத்தின் இரத்தக்குழாய் முழுவதும் அடைபடும் வகை மாரடைப்பில் அடைப்பை எவ்வளவு சீக்கிரம் நீக்குகிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். ஆனால் நோயாளி முதலில் போய்ச் சேர்வது இதய மருத்துவர் இல்லாத சின்ன மருத்துவமனைக்கு. 2012க்கும் 2014க்கும் இடையில் தமிழ்நாட்டில் நான்கு தொகுதிகளில் இதற்கொரு வழி சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு தொகுதியிலும் நடுவில் ஒரு பெரிய மருத்துவமனை, சுற்றிலும் சின்ன மருத்துவமனைகள். சின்ன மருத்துவமனையில் எடுத்த இசிஜி கைபேசி இணைப்பு வழியாக நடுமருத்துவமனையின் நிபுணருக்குப் போகும். அடைப்பு உறுதியானால் கட்டியைக் கரைக்கும் ஊசி அங்கேயே. பிறகு ஆம்புலன்சில் ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்கு.

2,420 நோயாளிகளை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2017இல் வெளியானது. திட்டத்துக்கு முன் ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டவர்கள் 35 சதவீதம், பின் 60.8 சதவீதம். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். இது முன்-பின் ஒப்பீடு. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல என்பதால் முழுப் பெருமையையும் கருவிக்குக் கொடுக்க முடியாது. இசிஜி போய்ச்சேர்ந்தது பாதி வேலைதான். ஊசி மருந்து கையிருப்பில் இருந்ததும், ஆம்புலன்ஸ் காத்திருந்ததும், ஆஞ்சியோ செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றதும் மீதிப் பாதி. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 14 மாத்திரைகளை முதலுதவியாகக் கொடுத்து அனுப்பும் ஏற்பாடும் அதே தர்க்கத்தில் வந்தது.

ஐந்து அளவைகள், ஒரு முடிவு

காசநோய்த் துறையில் இரண்டு கருவிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் வாதம் தெளிவாகும்.

முதலாவது '99டாட்ஸ்'. நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று தெரிந்துகொள்ள மாத்திரை அட்டையின் மேல் ஓர் உறை. மாத்திரையை அழுத்தி எடுத்தால் அதன் பின்னால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மாத்திரை சாப்பிட்டதாகப் பதிவாகும். செலவு மிகக் குறைவு, யோசனையும் புத்திசாலித்தனமானது. ஆனால் சென்னை, வேலூர், மும்பை மையங்களில் நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்து ஒப்பிட்ட ஆய்வில் கணிசமானோர் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு அழைக்காமல் இருந்தது தெரிந்தது. கைபேசி வீட்டில் ஒருவரிடம்தான் இருக்கும், சிக்னல் இருக்காது, தினமும் அழைப்பது அலுப்பு. அழைக்காதவரையெல்லாம் தேடிப் போனால் ஊழியரின் நேரம் வீணாகும். போகாவிட்டால் பதிவுக்கே பொருளில்லை.

இரண்டாவது 2022இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஎம்ஆர்) சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தோடு சேர்ந்து மாநிலக் காசநோய்ப் பிரிவு இதை வடிவமைத்தது. காசநோய் இறப்புகளில் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடந்துவிடுகின்றன. அப்படியானால் நோய் கண்டுபிடித்த அன்றே யார் ஆபத்தில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அதற்கு ஸ்கேன் தேவையில்லை, ஆய்வகம் தேவையில்லை. உயரத்தையும் எடையையும் பார்த்து உடல் நிறை எண். இரு பாதங்களிலும் வீக்கம் இருக்கிறதா. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இவ்வளவுதான். உடல் நிறை எண் 14க்குக் கீழே இருந்தால், அதாவது 160 செ.மீ. உயரமுள்ளவர் 36 கிலோகூட இல்லையென்றால், அவர் தீவிர நிலை. மூச்சு 24ஐத் தாண்டினாலும், ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கினாலும், நிற்க முடியாவிட்டாலும் அப்படியே.

ஊழியர் ஒரு பக்கக் காகிதப் படிவத்தில் இதைக் குறிக்கிறார். பின்னர் அதற்கென உள்ள வலைச்செயலியில் ஏற்றுகிறார். தீவிர நிலை என்றால் வீட்டுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பக்கூடாது. மருத்துவமனையில் சேர்த்து முழுமையாகப் பரிசோதித்து, சத்துணவோடு சிகிச்சை தர வேண்டும். சேர்க்கப்பட்டாரா என்பதும் அதே செயலியில் தெரியும். திட்டத்துக்குப் பின் பல மாவட்டங்களில் தொடக்ககால இறப்பு குறைந்தது பதிவாகியிருக்கிறது. 2025இல் இதே தரவைக்கொண்டு இறப்புக்கான சாத்தியத்தைக் கணித்துக் காட்டும் வசதியும் செயலியில் சேர்ந்தது. கணிப்பு பிறகு வந்தது. எடை பார்க்கும் இயந்திரமும் படுக்கையும் முதலில் வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு கருவிகளில் புதுமை அதிகம் முதலாவதில்தான். பலன் கூடுதலாகத் தெரிவது இரண்டாவதில்.

யார் வரவில்லை என்ற பட்டியல்

தொற்றா நோய்களின் நிலையை அளக்க 2020இல் நடந்த தமிழ்நாடு ஸ்டெப்ஸ் ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். இந்தப் பின்னணியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையை வீட்டிலேயே கொடுத்து, கைபேசிச் செயலியில் பதிவு செய்கிறார்கள். அடுத்த சுற்று ஸ்டெப்ஸ் ஆய்வில் கட்டுக்குள் வைத்திருப்போர் முறையே 17 சதவீதமாகவும் 16.7 சதவீதமாகவும் உயர்ந்திருந்தார்கள். நல்ல முன்னேற்றம். ஆனாலும் ஆறில் ஐந்து பேர் இன்னும் கட்டுக்கு வெளியே இருக்கிறார்கள்.

திட்டத்தின் சாதனையாக அதிகம் பேசப்படுவது பயனாளிகளின் மொத்த எண்ணிக்கை. அது தேடிப்போன வீடுகளின் கணக்கு. அழுத்தம் இறங்கியவர்களின் கணக்கு வேறு. இரண்டாவதைத் தினமும் ஊழியரின் கண்ணில் படும்படி வைப்பது எப்படி என்பதற்கு 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி ஓர் உதாரணம். பஞ்சாப், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் அது பயன்படுத்திய 'சிம்பிள்' செயலியில் செவிலியர் ஏற்ற வேண்டியது மிகக் கொஞ்சம்: நோயாளியின் அட்டையை ஸ்கேன் செய்து, அன்றைய அழுத்தம், மருந்து, அடுத்து வர வேண்டிய தேதி. பதிலுக்குச் செயலி அவருக்கு ஒரு பட்டியல் தருகிறது: தேதி தாண்டியும் வராதவர்கள் இவர்கள், கூப்பிட்டுப் பாருங்கள். தான் ஏற்றிய தகவல் தன் வேலைக்கே உதவும்போது யாரும் பொய்யாக ஏற்றுவதில்லை. மேலிடத்துக்கு மட்டும் போகும் தகவலில்தான் 120/80 என்ற அழகான எண் திரும்பத் திரும்ப வரும்.

தொலைவிலிருந்து ஒரு மருத்துவர்

2000ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தில் அப்பல்லோ தொடங்கிய மையமும், அடுத்த ஆண்டு இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்புகளும் இந்தியாவின் தொலைமருத்துவத் தொடக்கங்கள். நெடுங்காலம் அவை காட்சிப்பொருளாகவே இருந்தன. பரவலாக்கியது கோவிட். 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தொலைபேசியில் எந்த மருந்தை எழுதலாம், எதை முதலில் காணொலியில் முகம் பார்த்த பிறகே எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று அது வகைப்படுத்தியது. ஏப்ரலில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் மொகாலி மையம் உருவாக்கிய இ-சஞ்சீவனி என்ற தொலைமருத்துவத் தளத்தில், வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசும் வடிவம் வந்தது. தமிழ்நாடு அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் ஒன்று. 2023 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஆலோசனைகள் 10 கோடியைக் கடந்தன.

அதில் இரண்டு வழிகள் உண்டு. நோயாளி நேராக மருத்துவரிடம் பேசுவது ஒன்று. கிராம நல வாழ்வு மையத்தின் ஊழியர் நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுவது மற்றொன்று. பின்னதில்தான் மருத்துவச் சாரம் அதிகம், ஏனென்றால் தொட்டுப் பார்க்க ஒரு கை இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதை 2004 வாக்கிலேயே காட்டியது. தேனிப் பகுதியில் கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உதவியோடு மலிவான நெடுந்தொலைவு வைஃபை இணைப்பு அமைத்து, கிராமக் கண் மையங்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதித்து, படம் எடுத்து, கண்ணாடிக்கு அளவு பார்த்து வைக்கிறார். மருத்துவர் திரையில் சில நிமிடங்கள் பேசி முடிவு சொல்கிறார். கண்ணாடி வேண்டியவருக்குக் கண்ணாடி, அறுவைச் சிகிச்சை வேண்டியவருக்கு மருத்துவமனை. பரிசோதனையின் பெரும்பகுதி கிராமத்திலேயே முடிந்துவிடுகிறது. மருந்தோ சோதனையோ கிடைக்காத இடத்தில் திரையில் மருத்துவரை மட்டும் காட்டினால், நோயாளி கையில் மிஞ்சுவது தனியார் மருந்துக்கடைக்கான சீட்டு.

வெளியே நிற்பவர்கள்

2021 மே மாதம் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குக் கோவிட் தடுப்பூசி திறக்கப்பட்டபோது கோவின் தளத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்று விதி இருந்தது. கைபேசியில் விரைந்து தட்டத் தெரிந்தவர்கள் நகரத்திலிருந்து கிளம்பிக் கிராமத்து மையங்களில் ஊசி போட்டுக்கொண்டார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டிலும் பாதிக்குச் சற்றுக் குறைவு. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் இந்த இடைவெளியைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. நேரில் வந்து பதிந்துகொள்ளும் வழி பின்னர் விரிவாக்கப்பட்டது. அந்த ஜூன் மாதம் தளத்தில் பிற இந்திய மொழிகள் சேர்ந்தபோது தமிழ் முதலில் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்க்கப்பட்டது.

அதே கோவின் 200 கோடிக்கும் அதிகமான ஊசிகளைக் கணக்கில் வைத்திருந்தது என்பதும் உண்மை. பதிவைச் சுகாதார ஊழியர் செய்தபோது அது நல்ல கணக்குப்புத்தகம்; பதிவை மக்கள் தலையில் வைத்தபோது அது ஒரு பூட்டு. வெளிநோயாளிச் சீட்டுக்கு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும் புதிய முறைக்கும் இது பொருந்தும். ஸ்கேன் செய்பவருக்கு வரிசை குறையட்டும். பட்டன் போனோடு வரும் பாட்டிக்கு வரிசை நீளக் கூடாது.

யாருடைய தகவல்?

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸின் கணினிகள் பணம் பறிக்கும் வைரஸ் தாக்குதலில் முடங்கின. சீட்டு போடுவது முதல் ஆய்வக முடிவு வரை எல்லாம் பல நாட்கள் கையெழுத்துக்குத் திரும்பின. 2023 ஜூனில் தடுப்பூசி போட்டவர்களின் விவரங்கள் ஒரு டெலிகிராம் கணக்கில் கிடைப்பதாகச் செய்தி வந்தது. கோவின் தளம் நேரடியாக உடைக்கப்படவில்லை என்று அரசு மறுத்தது. எது எப்படியானாலும், நாட்டின் தலைசிறந்த மருத்துவமனைக்கே பாதுகாப்பு இல்லையென்றால் வட்டார மருத்துவமனையின் கணினிக்கு என்ன இருக்கும் என்ற கேள்வி எழாமல் இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2018இல் மருத்துவத் தரவுக்கென்றே வரைவுச் சட்டம் ஒன்று வந்து கைவிடப்பட்டது. 2023இன் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவத் தகவலுக்குத் தனிப்பிரிவோ கூடுதல் காப்போ தரவில்லை. கைபேசி எண்ணும் எச்ஐவி சோதனை முடிவும் அதன் கண்ணில் ஒரே வகை. எச்ஐவிக்கு 2017இன் தனிச் சட்டம் இருக்கிறது. காசநோய், மனநோய், கருக்கலைப்பு ஆகியவற்றால் வரும் சமூகக் காயம் அதற்குக் குறைந்ததல்ல. ஆபா எண் விருப்பத்தின்பேரில்தான் என்பது ஏட்டளவில் சரி. சீட்டு கொடுக்கும் சாளரத்தில், பின்னால் நூறு பேர் நிற்கும்போது, ஓடிபி சொல்லுங்கள் என்றால் சொல்லத்தான் செய்வார்கள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். மருத்துவ நெறிக்குப் போதாது.

பதிவு செய்பவரின் நாள்

சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது விதி. அவர் பிக்மியில் தாய்மாரை ஏற்ற வேண்டும், மாதாந்திரத் தகவல் முறைக்கு எண்ணிக்கை தர வேண்டும், ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் காய்ச்சல் கணக்கு, யூ-வினில் தடுப்பூசி, தொற்றா நோய்த் தளத்தில் பரிசோதனை. ஒரே தாயின் பெயர், வயது, கைபேசி எண் வெவ்வேறு திரைகளில் மீண்டும் மீண்டும். பகலில் சர்வர் இழுக்கும் என்பதால் இரவில் வீட்டில் உட்கார்ந்து ஏற்றும் வழக்கம் பரவலானது. செயலி வந்ததும் பழைய பதிவேடு நிற்கும் என்பது வாக்குறுதி. தணிக்கைக்குக் காகிதம் வேண்டுமென்பதால் அது பெரும்பாலும் நிற்பதில்லை.

மென்பொருள்களைப் பேசவைப்பது முடியாத காரியம் அல்ல. தென்னாப்பிரிக்காவில் 1990களில் தொடங்கி ஆஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்த டிஎச்ஐஎஸ்2 என்ற இலவச மென்பொருளை இலங்கை தன் சுகாதாரத் தகவலுக்குப் பயன்படுத்தி வந்தது. அதைக் கையாளத் தெரிந்த உள்ளூர் மருத்துவர்களும் பொறியாளர்களும் இருந்ததால் 2020 தொடக்கத்தில், கோவிட் பரவும் முன்பே, விமான நிலையத்தில் வருவோரைப் பின்தொடரும் பகுதியை விரைவில் கட்டிக்கொண்டார்கள். பின்னர் பல நாடுகள் அதை எடுத்தாண்டன. இதற்கு மறுபக்கம் பிரிட்டன். 2002இல் தொடங்கிய தேசியச் சுகாதாரச் சேவையின் மாபெரும் கணினித் திட்டம் மருத்துவர்களைக் கேட்காமல் மேலிருந்து திணிக்கப்பட்டு, பல நூறு கோடி பவுண்டுகளை விழுங்கியபின் 2011இல் கலைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. செயல்படும் சுகாதார அமைப்புக்கு மாற்றாக மின்னணுக் கருவிகள் நிற்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வதும் இதுதான்.

என்ன செய்யலாம்

மேலே பார்த்தவற்றில் பலன் தந்த எல்லாவற்றுக்கும் பொதுவான இயல்புகள் உண்டு. பதிய வேண்டியது குறைவு. பதிந்ததும் எடுக்க வேண்டிய நடவடிக்கை தெளிவு. அந்த நடவடிக்கைக்கான மருந்தோ படுக்கையோ வண்டியோ ஏற்கெனவே இருந்தது. பதிந்தவருக்கே விடை திரும்பி வந்தது.

இதிலிருந்து கொள்கைக்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன. ஒரு நபரின் விவரம் ஒரே முறைதான் ஏற வேண்டும். தளங்கள் தமக்குள் பேசிக்கொள்வது மென்பொருள் நிறுவனங்களின் பொறுப்பு, செவிலியரின் பொறுப்பு அல்ல. நெட் இல்லாதபோதும் ஏற்றும் வசதி இல்லாத செயலியை அரசு ஏற்கக் கூடாது. கைபேசி இல்லாதவருக்கும் ஆபா எண் வேண்டாமென்பவருக்கும் அதே சேவை, அதே வரிசையில் கிடைக்க வேண்டும். யாருடைய மருத்துவப் பதிவை யார் திறந்து பார்த்தார் என்ற கணக்கு நோயாளி கேட்டால் கிடைக்க வேண்டும். ஆண்டறிக்கையில் பதிவுகளின் எண்ணிக்கைக்குப் பதில், அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள், முதல் இரண்டு மாதங்களை உயிரோடு தாண்டிய காசநோயாளிகள், சிக்கல் தெரிந்து உரிய நேரத்தில் மேல்மருத்துவமனை சேர்ந்த தாய்மார் ஆகியோரின் கணக்கு வர வேண்டும்.

இனி ஒவ்வொரு புதிய செயலி அறிவிக்கப்படும்போதும் சட்டமன்றத்திலும் பத்திரிகைகளிலும் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: இதனால் எந்தப் பழைய பதிவேடு நிறுத்தப்படுகிறது? நோயாளிக்கான எந்த முடிவு விரைவாகிறது? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அந்தப் பணத்தில் காலியாகக் கிடக்கும் செவிலியர் பணியிடங்களை நிரப்புவது மேல்.